இருபத்தேழு சதவீதம்

உறைகள் மூன்று. அரக்கை உடைத்தபோது
மின்விசிறி தாள்களைத் தானே புரட்டிப் படிக்கப் பார்த்தது.
செயற்பொறியாளர் கோமதிநாயகம்
கண்ணாடிக்கூட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

திசையன்விளைக்குத் தெற்கே, தேரிமண் தொடங்கும் இடத்து
ஆஸ்பத்திரிக்கு ஒரு பிணவறை.
நாங்கள் போட்டது முப்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
வந்ததில் குறைந்தது
நாற்பத்தெட்டு லட்சத்து எழுபத்தாறாயிரத்துச் சொச்சம்.

"மூணு பேரும் ஒரே டீக்கடைல உக்காந்து
எழுதியிருக்கானுவ. தள்ளிட்டு மறுபடி விடுவோம்."
மறுபடி விட்டதுதான் சார் இது.
முதல் அழைப்புக்குப் பெட்டியில் கிடந்தது
ஒரு செத்த பல்லி.

எதையெதை வெட்டலாம் என்று
எழுதி வரச் சொன்னார்.
சுவர் ஓடு, ஏழடி உயரம் நாலடியாகலாம்.
குளிர்ப்பெட்டி நான்கு, இரண்டாகலாம்.
எழுதிவிட்டுப் பேனாவை எடுத்தேன்:
எந்தெந்த நாளில் இரண்டு பேர் மட்டும் சாவார்கள்
என்பதற்கும் நானே ஒரு அட்டவணை போடவேண்டும்.
வெளியே, சொந்தக்காரர்கள் நிற்க ஒரு தகரக்கூரை.
இப்போது உடைமரத்தடியில்தான் நிற்கிறார்கள்;
நிழலைவிட முள் அதிகம் அதில்.
கூரையை அடித்தேன்.
அளவுகோல் வைத்தும் கோடு கோணியது.

திறப்புவிழாக் கருங்கல்
மதிப்பீட்டிலேயே கிடையாது.
ஆகவே அதை வெட்ட முடியாது.
அது எப்படியும் வந்துவிடும்.

விலை பேச வந்தார் தங்கதிரவியம்.
கொடுத்த கலரைக் குடிக்கவில்லை.
"அம்மா, தப்பா நெனைக்காதிய.
ஜல்லிய எந்த மலைல இருந்து எடுத்து
கணக்குப் போட்டிய?"

கோப்பில் பன்னிரண்டு கிலோமீட்டர்.
எனக்கு முன்னிருந்தவர் எழுதியது,
அவருக்கும் முன்னிருந்தவர் கோப்பிலிருந்து.
நான் பார்த்து எழுதினேன்,
பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்ப்பவளைப் போல
எழுத்துப்பிழையோடு.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்தேன்.
பக்கத்துக் குவாரியில் பச்சைத் தண்ணீர்,
இரண்டு எருமைகள், ஒரு துருப்பிடித்த சீல்.
பணகுடிக்கு மேற்கேதான் இனிக் கல்.
காற்றாடிகள் வரிசையாய்ச் சுற்றிக்கொண்டிருந்தன;
ஆடிக் காற்று வண்டியை ஒருபக்கமாய்த் தள்ளியது.
மீட்டர் நாற்பத்தொன்றில் நின்றது.

அன்றிரவு கணக்கை மறுபடி போட்டேன்.
வித்தியாசத்தில் பாதி அந்த ரோட்டில்தான் கிடந்தது.
மீதியில் கம்பி விலை கொஞ்சம்,
தேரிமண்ணில் இன்னும் ஆழமாய்த் தோண்டும் பயம் கொஞ்சம்,
பில் பணம் கைக்கு வரும்வரை ஏறும் வட்டி.
அப்புறம் யார்யாருக்கோ போகும் பங்கு.
அதற்கு விலைப்பட்டியலில் வரிசை எண் இல்லை.

குறிப்பில் எழுதினேன்:
மதிப்பீடு பிழை. பிழை என்னுடையது.
கோமதிநாயகம் இரண்டுதரம் படித்தார்.
"ஒங்க தப்ப நீங்களே எழுதிக் குடுக்கியளா?"
திட்டுகிறாரா, வியக்கிறாரா தெரியவில்லை.
கையெழுத்தைப் பென்சிலில் போட்டார்.

தங்கதிரவியம் ஒரு லட்சத்து இருபதாயிரம் குறைத்தார்.
"இதுக்கு மேல கேட்டிய,
சிமிண்டுலதான் கை வைக்கணும். வச்சிரட்டா?"
மிரட்டல்தான். ஆனாலும் அந்த அறையில்
அன்று பேசப்பட்டதிலேயே நேரான பேச்சு அது.

தகரக்கூரையை அடித்த கோட்டின்மேல்
இன்னொரு கோடு போட்டு,
'அடித்தது தவறு' என்று ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.
திருத்திய மதிப்பீடு சென்னைக்குப் போயிருக்கிறது.

ஒப்பந்தப்புள்ளி தொண்ணூறு நாள் செல்லும்.
அதற்குள் டீசல் ஏறாதா என்று
போனில் கேட்கிறார் தங்கதிரவியம்.
இன்று நாற்பத்து மூன்று.